பினாங்கில் கண்டதும் உண்டதும்

வெளிநாடு போய் வந்தவரைக் கண்டால் "இரட்டைக் கோபுரம் பார்த்தீர்களா?" என்று கேட்பதே வழக்கமாகிவிட்டது. பார்த்தோம். 452 மீட்டர் உயரம். அண்ணாந்து பார்த்ததில் கழுத்து வலித்ததுதான் மிச்சம். பத்து மலையின் 272 படிகளையும் ஏறினோம். 2006ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற, 42.7 மீட்டர் உயரமுள்ள பொன்வண்ண முருகனையும் தொழுதோம். இவற்றின் படங்களை நேயர்கள் பலமுறை கண்டிருப்பீர்கள். ஆகவே அவற்றை விட்டுவிடுவோம். 2024ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மலேசியாவில் கழித்த எட்டு நாட்களுள் நான்கு நாட்கள் பினாங்குத் தீவில் தங்கினோம். அங்கே கண்டவற்றையும், முக்கியமாக உண்டவற்றையும் இத்திங்கள் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

பினாங்கைத் தேர்ந்தவர் நம் அன்னையார். அவருடைய பெரியப்பா இளமையில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு சென்றவர். ரஜூலா என்னும் அக்கப்பல் 1926 முதல் 1970களின் தொடக்கம்வரை நம்மவரை அக்கரைக்கும் இக்கரைக்கும் சுமந்தது. அவர் ஒரே ஒரு முறை ஊருக்கு வந்தாராம். அப்போது ஒரு தகரப் பெட்டி நிறையச் சர்க்கரையில் ஊறிய ஏதோ ஒரு காயைக் கொண்டுவந்தாராம். அது என்ன காய் என்று அன்னையாருக்குத் தெரியாது. நாவில் அதன் காரமும் இனிப்பும் மட்டும் நிற்கின்றன. "அது அங்கேதானே கிடைக்கும்?" என்று ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு கேட்டால், மறுப்பது எப்படி? பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பூங்காக்கள் மிகுந்த சிங்கப்பூரே ஏற்றது என்று நண்பர் சிலர் கூறினர். நாம் அன்னையார் பக்கமே நின்றோம்.

நாம் ரயில்வேயில் எழுத்தராக இருப்பதை நேயர்கள் அறிவீர்கள். நமக்குக் கிடைக்கும் இலவசப் பாஸ் கடல் தாண்டிச் செல்லாது; ஆதலால் சில ஆண்டுகள் சேமித்துத்தான் அன்னையார், இல்லத்தரசி, ஒன்பது வயது மகள் ஆகியோருடன் கொல்கத்தாவில் விமானமேறினோம். கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்கு மின்சார ரயில். மற்றவர்கள் இருக்கையைத் தேடியபோது நாம் தண்டவாளத்தைப் பார்த்தோம். மீட்டர் கேஜ்! 1992இல் தொடங்கிய ஒரே அகலத் திட்டத்தால் நம் நாட்டில் அருகிப்போன அதே ஒரு மீட்டர் பாதை. அதன்மேல் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஓடுகிறது. கையில் வைத்திருந்த தேநீர் சிந்தவில்லை. தைப்பிங்குக்கு முன் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளும் குகைப்பாதை, அதற்கு அப்பால் புக்கிட் மேரா ஏரியின் நடுவே நீண்ட பாலம், இருபுறமும் தண்ணீர். 1885இல் அந்நாட்டின் முதல் ரயில் ஓடியது இந்தத் தைப்பிங்கிலிருந்துதான். பின்னாளில் மலாயா ரயில்வேயில் யாழ்ப்பாணத் தமிழர் பலர் நிலைய அதிபராகவும் எழுத்தராகவும் விளங்கினர். நம் தொழிலில் நமக்கு முன்னோர் என்று அவர்களை மனத்தில் வணங்கினோம்.

பட்டர்வொர்த்தில் இறங்கினால் அருகிலேயே படகுத்துறை. கால் மணிப் பொழுதில் ஜார்ஜ் டவுன் வந்துவிடுகிறது. 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் மலாக்காவுடன் சேர்த்து இடம்பெற்ற நகரம் இது. ஒரே சாலையின் ஓரத்தில் ஆங்கிலேயர் கட்டிய மாதா கோவிலும், சீனரின் கருணைத் தேவி ஆலயமும், 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் இருக்கின்றன. சில அடி நடந்தால் 1833இல் எழுந்த மாரியம்மன் கோயில். அந்தப் பள்ளிவாசலைக் கட்டியவர்கள் நம் கடற்கரையிலிருந்து வணிகத்துக்குச் சென்ற தமிழ் முஸ்லிம்கள். அவர்களைச் சூலியர் என்பர். அப்பெயரில் ஒரு நீண்ட தெரு இன்றும் இருக்கிறது.

இனி உணவுக்கு வருவோம். முதல் நாள் மாலை 'நாசி கண்டார்' உண்டோம். நாசி என்றால் மலாய் மொழியில் சோறு. கண்டார் என்பது தோளில் சுமக்கும் காவடித் தடி. தடியின் ஒரு முனையில் சோறும் மறுமுனையில் குழம்பும் தொங்க, தமிழ் முஸ்லிம்கள் துறைமுகத் தொழிலாளருக்கு விற்றுத் திரிந்த சாப்பாடு இது. இன்று தடி இல்லை; கடைகள் இருக்கின்றன; வரிசையோ தெருவரை நிற்கிறது. ஒரு குழம்பு போதாது. மீன், கோழி, வெண்டை என்று நான்கைந்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றச் சொல்ல வேண்டும். அதற்கு அங்கே 'பஞ்சிர்' என்பர். வெள்ளம் என்று பொருள். தட்டில் உண்மையாகவே வெள்ளந்தான். நம் வீட்டில் ரசத்தையும் சாம்பாரையும் ஒன்றாகக் கலந்தால் வசவு கிடைக்கும். அங்கே அதுவே கலை.

கடையின் முதியவர் நம் பேச்சைக் கேட்டுத் தமிழிலேயே நலம் விசாரித்தார். பாட்டனார் ராமநாதபுரம் பக்கம் என்றார். பணம் வாங்கும் இடத்தில் அவர் மகன் இருந்தார். நாம் தமிழில் கேட்டதற்கு அன்போடு மலாயில் விடை தந்தார். குழம்பில் பட்டையும் சோம்பும் கறிவேப்பிலையும் பாட்டனார் காலத்து அளவில் இருந்தன. பேச்சுதான் மாறிவிட்டது.

மறுநாள் காலை கண்ட காட்சியை இதனருகில் வைத்துப் பார்க்க வேண்டும். நாம் தங்கியிருந்த தெருமுனையில் ஒருவர் இடியப்பம் விற்றார். அங்கே அதற்குப் 'புட்டு மாயம்' என்று பெயர். தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும் தூவித் தாளில் மடித்துத் தருகிறார்கள். மலாய்க்காரப் பள்ளிப் பிள்ளைகளும் சீனத்து அம்மையாரும் வரிசையில் நின்றார்கள். நம் மகள் கரக்பூரில் பிறந்தவள். வங்காளமும் இந்தியும் அவள் நாவில் புரளும். தமிழில் பேசினால் வங்காளத்தில் பதில் தருவாள். நம் இதழைப் படிக்கும் வீடுகள் பலவற்றில் இதே கதைதான் என்று அறிவோம். அவளுக்கு இன்னும் ஒன்று வேண்டியிருந்தது. இந்தியில் கேட்டாள், முதியவர் விழித்தார். வங்காளத்தில் கேட்டாள், சிரித்தார். நாம் வேண்டுமென்றே கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"தாத்தா, இன்னும் ஒண்ணு வேணும். சக்கரை நெறைய" என்றாள்.

"ஆகட்டும் தங்கச்சி. எந்த ஊரு?" என்றார் அவர். அதற்கும் அவள் தமிழிலேயே பதில் சொன்னாள். பிறகு ஊர், பள்ளி, பாட்டியின் முழங்கால் வலி வரைக்கும் சொல்லிவிட்டாள். அவருடைய பேத்திகள் இருவரும் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறார்களாம்; ஒருத்தி எழுதிய தமிழ்க் கட்டுரைக்குக் கிடைத்த பரிசுத்தாளைப் பணப்பெட்டியின் மூடியில் ஒட்டி வைத்திருந்தார்.

நாசி கண்டார்க் கடைக்கும் இடியப்பத் தள்ளுவண்டிக்கும் பத்து நிமிட நடைதான். இருவர் வீட்டிலும் கைப்பக்குவம் நிலைத்திருக்கிறது. மொழி ஒரு வீட்டில்தான் நிலைத்திருக்கிறது. வேறுபாடு எதனால் வந்தது என்றால், நமக்குப் பள்ளிக்கூடம் என்றே தோன்றுகிறது. மலேசியாவின் முதல் தமிழ் வகுப்பு 1816இல் பினாங்கு இலவசப் பள்ளியில் தொடங்கியது. இன்று பினாங்கு மாநிலத்தில் மட்டும் 28 தமிழ்ப்பள்ளிகள். நாடு முழுவதும் ஐந்நூறுக்கு மேல். அங்கும் குறைகள் உண்டு. பிள்ளைகளின் தொகை குறைகிறது என்று கவலைப்படுகிறார்கள். ஆயினும் பள்ளி இருக்கிறது. நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்புக்கு வரும் பிள்ளைகளை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம், "வீட்டில் தோசை சுடுகிறோம், பொங்கல் வைக்கிறோம், அது போதாதா?" என்று கேட்கும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்களை ஒரு நாள் அந்த நாசி கண்டார்க் கடைக்கு அழைத்துச் செல்ல ஆசை. வகுப்பு ஞாயிறு காலை பத்து மணிக்கு. நம் மகள் இப்போது வருகிறாள். மழை நாளில் முனகிக்கொண்டு வருகிறாள் என்பதையும் மறைப்பானேன்?

மலாய் மொழியே நம்மிடம் கொஞ்சம் கடன் வாங்கியிருக்கிறது. கடை அங்கே 'கெடாய்', கப்பல் 'காப்பால்', பெட்டி 'பெத்தி', கட்டில் 'காத்தில்', கோயில் 'குயில்', வணிகத்தில் போடும் முதல் 'மொடால்'. பெயர்ப்பலகைகளில் இவற்றைக் கண்டுபிடிப்பதை மகள் ஒரு விளையாட்டாகவே ஆக்கிக்கொண்டாள்.

வேறு தின்பண்டங்களைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 'செண்டோல்' என்பது பச்சை நிற அரிசிமாவுத் துண்டுகளைத் தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, சீவிய பனிக்கட்டி இவற்றோடு கலந்து தருவது. வெயிலில் நடந்தபின் அதற்கு ஈடில்லை. 'அப்போம்' நம் ஆப்பமே. சிறு சட்டிகளில் வார்த்துச் சுடச்சுட மடித்துத் தருகிறார்கள். 'அசாம் லக்சா' மீனும் புளிப்பும் சேர்ந்த நூடுல்ஸ் குழம்பு. இல்லத்தரசி அதை உண்டுவிட்டு, "மீன்குழம்பில் சேமியா போட்ட மாதிரி" என்று தீர்ப்பளித்தார். நமக்கு அது பிடிக்கவில்லை.

பினாங்கு மலையைக் கட்டாயம் ஏற வேண்டும். 1923இல் அமைக்கப்பட்ட கயிற்று ரயில் அங்கே ஓடுகிறது; முன்பு நடுவழியில் வண்டி மாறி அரை மணி நேரம் ஏறினார்களாம். 2011இல் புதுப்பித்த பின் சில நிமிடங்களில் உச்சி. இரும்புக் கயிறு இழுக்க, செங்குத்தான சரிவில் வண்டி ஏறும்போது அன்னையார் கந்தர் சஷ்டிக் கவசத்தைத் தொடங்கிவிட்டார். மேலே உண்மையாகவே ஒரு முருகன் கோயில் இருந்தது அவருக்குப் பெருமகிழ்ச்சி. அங்கிருந்து பார்த்தால் நகரமும், நீரிணையும், 1985இல் திறந்த 13.5 கிலோமீட்டர் நீளப் பாலமும் கண்ணுக்கு எட்டுகின்றன.

மலையிலிருந்து இறங்கிய பிறகு ஒரு சிறிய கடையில் அன்னையாரின் காய் அகப்பட்டது. ஜாதிக்காய்! கொட்டையை அன்று, அதைச் சுற்றியுள்ள சதைப்பற்றை மெல்லியதாகச் சீவிச் சர்க்கரையில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். பினாங்கில் பெயர்பெற்ற பண்டம். சுவைக்கக் கொடுத்த துண்டை வாயிலிட்ட அன்னையார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இதுதான். பெரியப்பா கொண்டாந்தது கொஞ்சம் கறுப்பா இருந்துச்சு" என்றார். பெரியப்பா அதன்பின் திரும்பி வரவில்லை. சில கடிதங்கள் வந்தன. பிறகு அவையும் நின்றன. அவர் வாழ்ந்த தெருவின் பெயர்கூட நம் வீட்டில் எவருக்கும் தெரியாது. அன்று வெள்ளிக்கிழமை, மாலையில் மாரியம்மன் கோயிலில் அவர் பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்துவிட்டு விடுதி சேர்ந்தோம்.

போக எண்ணும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். 2023 டிசம்பரில் இந்தியருக்கு மலேசியா விசா விலக்கு அளித்தது. விலக்கு தொடர்கிறதா என்பதைப் புறப்படுமுன் கேட்டுக்கொள்ளவும். நாம் சென்றபோது ஒரு ரிங்கிட் ஏறத்தாழ 18 ரூபாய். ஜூலையில் டுரியான் பழம் மலிவு. பாலிக் புலாவ் தோட்டங்களில் அதை உண்டுவிட்டே திரும்ப வேண்டும், ஏனெனில் விடுதிகள் அதை உள்ளே விடுவதில்லை. வாசனை அப்படிப்பட்டது. ஜாதிக்காயை நான்கு பொட்டலம் வாங்கி வந்தோம். அலுவலகத்தில் இரண்டு ஒரே பிற்பகலில் தீர்ந்தன. மற்றவை அன்னையார் பெட்டியில், பூட்டிய நிலையில் இருக்கின்றன.