முதியோரும் மனநல மருத்துவமும்

உடற்பிணி உற்றார் மருத்துவரை நாடுதலை உலகம் அறிவுடைமை என்கின்றது. கண்ணிற் புரை படர்ந்தால் நம் பாட்டனார் தயக்கமின்றி அறுவைக்கு உடன்படுகின்றார். குருதியிற் சர்க்கரை மிகுந்தால் நாள்தோறும் மாத்திரை உட்கொள்கின்றார். ஆயின் அவரே திங்கட்கணக்கில் உறக்கமும் உணவில் விருப்பமும் இன்றி வாடுங்கால், மனநல மருத்துவரைக் காண்போம் என்று நாம் சொல்லின், "எனக்கென்ன பைத்தியமா?" என்று வெகுள்கின்றார். இதனை முதுமையின் பிடிவாதம் என்று இளைஞர் பலர் எளிதிற் கூறிவிடுகின்றனர். அக்கூற்றுப் பொருந்தாது என்பதே எம் கருத்து.

முதியோரின் அச்சம் காரணமின்றித் தோன்றியதன்று. சென்னையில் மனநோயாளர்க்கென 1794-ஆம் ஆண்டில் அமைந்த இல்லம், 1871-ஆம் ஆண்டிற் கீழ்ப்பாக்கத்திற்குப் பெயர்ந்தது. நாளடைவில் அவ்விடத்தின் பெயரே தெருவில் ஒருவரை இகழும் வசைச்சொல்லாயிற்று. இக்கால மனநோய் மருந்துகளுள் முன்னோடியாகிய குளோர்புரோமசின் 1952-ஆம் ஆண்டிலேதான் மனநோய்க்கு வழங்கத் தொடங்கியது. அதற்கு முன்னர்ப் பலர்க்கு மதிலும் காவலுமே மருத்துவமாய் இருந்தன. ஏர்வாடியில் 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் மூண்ட தீயில், சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் மாண்டனர். இன்று எண்பது அகவை எய்தியோர் இவற்றைக் கண்டும் கேட்டும் வாழ்ந்தவர். ஒரு குடும்பத்தில் இந்நோய் உண்டென்று தெரியின், பெண் கொடுப்பாரும் கொள்வாரும் விலகுவதையும் அவர் அறிவர். ஆதலின் அவர் தம் துன்பத்தை மறைப்பது பலகாலும் தம்பொருட்டன்று, பேத்தியின் திருமணத்தின் பொருட்டேயாம். அதனைப் பிடிவாதம் என்பது எங்ஙனம் பொருந்தும்?

மற்றொரு தடை நம்மிடமே உள்ளது. "வயதானால் அப்படித்தான்" என்னும் சொல்லை வழங்குவோர் முதியோர் மட்டுமல்லர். மனச்சோர்வு முதுமைக்கு இயல்பன்று, அது நோய், மருந்தாலும் ஆறுதல் உரையாலும் தணியத்தக்கது. முதியோரிடத்து அது துயரமாய் வெளிப்படாது, மூட்டுவலியாயும் மறதியாயும் தோன்றுதல் உண்டு. தைராய்டுச் சுரப்பின் குறையும் அவ்வாறே மனச்சோர்வின் தோற்றத்தைத் தரும். நோயை முதுமை என்று பெயரிட்டு விடுவோமாயின், தீர்க்கத்தக்கதைத் தீராததாக்கியவர் நாமேயாவோம்.

ஆயின் நாம் செய்யத்தக்கது யாது? திருமணத்திற்குச் செல்வோம் என்று பொய் கூறி மருத்துவமனை வாயிலில் இறக்கிவிடுதல் நன்றன்று. அஃது அவரது பழைய அச்சத்தை மெய்ப்பிப்பதாகும். அவர் பல்லாண்டாய் நம்பும் குடும்ப மருத்துவரிடமே முதலில் உடன்செல்லுதல் நன்று. உறக்கம், பசி, வலி என அவர் ஒப்பும் சொற்களிலேயே பேச்சைத் தொடங்கலாம். உடற்குறைகளை ஆராய்ந்தபின் தேவையாயின் அம்மருத்துவரே வழிகாட்டுவார். சங்கிலியாற் பிணிப்பதை 2017-ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம் தடுத்துள்ளது என்பதையும், நோயாளர் கூறுவதைப் பிறர்க்கு வெளியிடாது காத்தல் அச்சட்டப்படி அவர்க்குரிய உரிமை என்பதையும் அவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும். வாயில் கடக்க அஞ்சுவோர்க்கு, 2022-ஆம் ஆண்டில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசின் கட்டணமில்லாத் தொலைபேசிப் பணி 14416 என்னும் எண்ணில் உள்ளது.

நோயாளன், மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என மருத்துவத்தை நாற்கூறாக்கி உரைத்தார் திருவள்ளுவர். முதல் மூன்றும் இன்று நம் நாட்டில் உள்ளன. நான்காமவர் எங்கே? விடுமுறைக்கு இல்லம் செல்லும் மாணவ நண்பர்காள்! திண்ணையில் பேச்சற்று அமர்ந்திருக்கும் முதியவரிடம், "இரவு உறங்கினீர்களா?" என்று வினவி, விடை வரும்வரை பொறுத்திருங்கள். அந்நான்காம் இடம் நமக்கு உரியது.