கதை பொய்யா?

"கதையா? கற்பனை! பகுத்தறிவாளனுக்கு அது எதற்கு? சட்டத்தைக் காட்டு, கணக்கைக் காட்டு, போதும்!" ஜேடர்பாளையத்தில், காவிரியிலிருந்து இராஜ வாய்க்கால் பிரியும் கரையில் அமர்ந்து, இப்படி முழங்கும் தோழர்கள் உண்டு. புராணப் புளுகை எதிர்த்துப் பழகிய நாவு அது. நோக்கம் பழுதன்று, முடிவுதான் பழுது. புராணம் 'என்னை நம்பு' என்கிறது. ஐயம் எழுப்பினால் பாவம் என்கிறது. நாவலோ, 'நான் கற்பனை' என்று முகப்பிலேயே ஒப்புக்கொள்கிறது. இரண்டையும் ஒரே குப்பையில் கொட்டுவதா பகுத்தறிவு?

தொலைதூரம் போக வேண்டாம். வடக்கே திருச்செங்கோடு வரை வந்தால் போதும். 2015 ஜூன் மாதம், அம்மலைக் கோயிலுக்குத் தோழியுடன் சென்ற ஓமலூர் இளைஞர் கோகுல்ராஜ் கடத்தப்பட்டார்; பள்ளிபாளையம் அருகே இருப்புப்பாதையில் பிணமாகக் கிடந்தார். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவர், பிற சாதிப் பெண்ணோடு பேசினார். அதுவே குற்றமாம்! 2022இல் மதுரைத் தனி நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

கொன்றவர் எவர் என்று தீர்ப்பு சொல்லிற்று. கொலைக்குத் தலையசைக்கும் ஊர் எப்படி உருவாகிறது? அதை எந்தக் குற்றப்பத்திரிகை எழுதும்?

அதே திருச்செங்கோட்டு மண்ணில் பிறந்த பெருமாள்முருகன் அதற்கு ஈராண்டு முன்பே, 2013இல், 'பூக்குழி' எழுதினார். சோடாக் கடையில் வேலை பார்க்கும் குமரேசன், சாதி தெரியாத சரோஜாவை மணந்து ஊருக்கு அழைத்து வருகிறான். அவன் தாய் மாராயியைப் பாருங்கள்! இளமையிலேயே கணவனை இழந்து, தனியாகப் பாடுபட்டு மகனை ஆளாக்கியவள். அரக்கியல்லள், உழைப்பாளி. அவளே மருமகளை நாளெல்லாம் சொல்லால் சுடுகிறாள். ஊர் ஒதுக்கிவிடுமே என்ற நடுக்கம், தாய்ப்பாசத்தையே ஆயுதமாக மாற்றுகிறது. நம் மேடைகளில் சாதிவெறியனுக்குக் கொடுவாள் மீசை வரைந்தோம். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சாதியைக் காக்கும் முகத்தை எத்தனை பேர் வரைந்தோம்?

கதை வெறும் பொய் எனில், பழமைவாதிகள் ஏன் பதறினர்? அவருடைய 'மாதொருபாகன்' நாவலைக் கொளுத்தினர். 2015 ஜனவரியில், தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவிக்கும் நிலைக்குத் தள்ளினர். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. பகைவனுக்குப் புரிந்த கதையின் வலிமை, தோழா, உனக்கு மட்டும் புரியவில்லையா?

படிப்பகத்தில் 'பூக்குழி'யை எடு. மாராயியோடு ஒரு பொழுது இரு. பிறகு வீட்டுக்குப் போய், திண்ணையில் உனக்காகச் சோற்றோடு காத்திருக்கும் அம்மாவிடம் கேள்: "நான் சேரியில் பெண் எடுத்தால் என்ன செய்வாய்?"