தொட்டியில் இறங்கினா 1986-க்கு போயிடலாம்! 'ஹாட் டப் டைம் மெஷின்' படத்தை இன்னும் ரசிப்பது ஏன்?

ஒரு வெந்நீர்த் தொட்டி, நாலு பேர், அளவுக்கு மீறிய குடி. காலையில் கண் முழிச்சா வருஷம் 1986! ஸ்டீவ் பிங்க் இயக்கத்தில் 2010-ல் வெளியான ஹாலிவுட் படம் 'ஹாட் டப் டைம் மெஷின்' கதை இதுதான். அமெரிக்காவில் 'ஆர்' சான்றிதழ் பெற்ற படம். அதாவது, 17 வயது ஆகாதவர்கள் பெற்றோர் துணையில்லாம தியேட்டருக்குள் போக முடியாது. கெட்ட வார்த்தை, நிர்வாணம், இரட்டை அர்த்தம் என எதற்கும் பஞ்சமில்லை. அப்புறம் ஏன் இதை வெறும் ஆபாசப் படம்னு ரசிகர்கள் ஒதுக்கல?

சிரிப்புக்குள் ஒரு சோகம்

ஆடம், நிக், லூ மூவரும் பழைய நண்பர்கள். ஆடமை காதலி விட்டுட்டு போயாச்சு. நிக் பாட்டை மறந்து, நாய்களைக் குளிப்பாட்டும் வேலையில் இருக்கார். லூ தற்கொலைக்கு முயன்றதா எல்லாரும் சந்தேகப்படுறாங்க. அவரைத் தேற்றத்தான் இளமையில் கொண்டாடிய பனிச்சறுக்கு விடுதிக்கு மறுபடியும் கிளம்புறாங்க. கூடவே ஆடமின் சகோதரி மகன் ஜேக்கப்.

'அந்தக் காலம்' பொற்காலமா?

கடந்த காலத்தை மாத்தினா எதிர்காலம் கெட்டுடும்னு பயந்து, பட்ட அவமானங்களை அப்படியே மறுபடியும் படணும்னு முடிவெடுக்கிறாங்க. காமெடி பிறப்பது இங்கதான். ஏங்கித் தவிச்ச இளமைக்காலம் அவ்வளவு இனிப்பா இல்லைன்னு அவங்களுக்குப் புரியுது.

நடிகர் தேர்வும் இதுக்கு கைகொடுக்குது. ஆடமாக நடித்த ஜான் குசாக், 80-களின் இளமைப் படங்களில் வளர்ந்தவர். விடுதி ஊழியராக வரும் கிறிஸ்பின் குளோவர், 1985-ல் வந்த 'பேக் டு தி ஃபியூச்சர்' படத்தில் நாயகனின் அப்பா!

குறை இல்லையா?

இருக்கு. தன்பாலின ஈர்ப்பை கிண்டலடிக்கும் ஜோக்குகள் இன்னைக்கு முகம் சுளிக்க வைக்கும். பெண் பாத்திரங்களுக்கும் பெருசா வேலையில்லை. எதிர்காலம் தெரிஞ்ச லூ கோடீஸ்வரர் ஆனதும் எல்லா மனக்காயமும் ஆறிடுறதா காட்டுவது சுலபமான தீர்வு.

2015-ல் குசாக் இல்லாமல் வந்த இரண்டாம் பாகம் வசூலில் தோற்றது. ஆபாசம் அதிலும் குறையல. முதல் பாகத்தைத் தாங்கிப் பிடிச்சது, துவண்டு கிடந்த நண்பனைத் தேடிப் போன அந்தப் பயணம்தான். அதுக்கு டைம் மெஷின் தேவையில்லை, ஒரு போன் கால் போதும்.

(மன உளைச்சலோ, தற்கொலை எண்ணமோ இருந்தால் 'டெலி மானஸ்' இலவச உதவி எண் 14416-ஐ அழைக்கலாம்.)