பேராசிரியரின் ஆய்வுகூடக் கதவு

பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் பயிலப் புகும் எம் மாணவர்க்குப் பேராசிரியர் என்பார் வினாத்தாள் வகுப்பவராகவே அறிமுகமாகின்றார். அவர் தாமே விடை தேடி உழலும் வினா யாதென அறியாமலே பலர் பட்டம் பெற்று வெளியேறுகின்றனர். இது பெருங் குறையாகும்.

1936 ஆம் ஆண்டில் குளோட் ஷனன் என்னும் இருபது வயது இளைஞர் அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்திற் சேர்ந்தார். வகையீட்டுச் சமன்பாடுகளைத் தீர்க்கப் பேராசிரியர் வன்னேவர் புஷ் அமைத்திருந்த பெரும் பொறியை இயக்கும் பணி அவருக்குக் கிடைத்தது. அப்பொறியைக் கட்டுப்படுத்திய ரிலே ஆளிகள் அவர் சிந்தையைக் கவர்ந்தன. முன்னர்க் கற்றிருந்த பூலின் அட்சரகணிதத்தை அவ்வாளிகளுக்குப் பொருத்தி, 1937 இல் அவர் எழுதிய ஆய்வேடு இன்றைய கணினிச் சுற்றுகளுக்கு அடிப்படையாயிற்று.

ஷனனின் மதிநுட்பம் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. ஆயின் ஆய்வுகூடத்துள் நுழையும் வாய்ப்பினை எல்லார்க்கும் அளித்தல் இயலும். முதல் வாரத்திலேயே ஒவ்வொரு பேராசிரியரும் தம் ஆய்வினை, அதன் அவிழாத முடிச்சுகளோடு, புதியவர் முன் வைத்தல் வேண்டும். மாணவரும் அஞ்சி ஒதுங்காது வினவுதல் வேண்டும். எம் பழைய மாணவருள் விரிவுரையாளராய் விளங்குவோர், இவ்விழா ஆண்டில் எம் கல்லூரி மண்டபத்திலேயே இதனைத் தொடங்கி வைப்பாராக.