பயத்தை வெட்டிவிட்டுத் தைரியத்தை எழுத முடியாது

கதை விவாதங்களில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தப் பேச்சு பழக்கமானதுதான். "ஃபேமிலி ஆடியன்ஸ் வர்ற படம் சார். பயம், அழுகையெல்லாம் குறைச்சுக்கலாம். அம்மா விட்டுட்ட கனவை இன்டர்வல்ல யாராவது ஞாபகப்படுத்தட்டும். செகண்ட் ஹாஃப் ஏறுமுகம், க்ளைமாக்ஸ்ல மேடை, கைதட்டல்." தயாரிப்பாளருக்கும் இது பிடித்துப்போகும். இப்படி எழுதிய ஸ்கிரிப்டுகள் ஏன் பெரும்பாலும் இரண்டாம் பாதியில் படுத்துவிடுகின்றன என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இந்தச் சூத்திரம் மொத்தமுமே தப்பு என்பது என் கட்சி.

முதலில், குடும்பப் படத்துக்குப் பயம் ஆகாது என்பது. நம் ஊரில் இந்த எண்ணத்துக்குக் கலையைவிடக் கணக்குதான் காரணம். 2011இல் தமிழக அரசு கேளிக்கை வரிவிலக்கு விதிகளை மாற்றியபோது, தமிழ்த் தலைப்போடு 'யு' சான்றிதழும் கட்டாயமானது. 'யு/ஏ' வாங்கினால் விலக்கு கிடையாது. அதனால் குழந்தை லேசாக மிரளக்கூடிய காட்சிகூட எழுதும் மேசையிலேயே அடிபட்டது. 2017இல் ஜிஎஸ்டி வந்ததும் பழைய ஏற்பாடு போயிற்று. 2024இல் தணிக்கை வாரியம் யு/ஏ பிரிவையே 7, 13, 16 என வயதுவாரியாகப் பிரித்துவிட்டது. வரிக்காகப் பழகிய கை மட்டும் இன்னும் வெட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, பயம் இருந்தால் குழந்தைகள் ஓடிவிடுவார்களா? 2003இல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' அமெரிக்காவில் எல்லா வயதினருக்குமான 'ஜி' சான்றிதழ் பெற்ற படம். அது எப்படித் தொடங்குகிறது? ஒரு பெரிய மீன் பாய்கிறது, அப்பா மீன் மார்லின் மயங்கி விழுகிறது. கண் திறந்தால் மனைவியைக் காணோம், 400க்கும் மேற்பட்ட முட்டைகளில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. இதை எழுதி இயக்கிய ஆண்ட்ரூ ஸ்டான்டன் தொடக்கத்தில் இந்தச் சம்பவத்தைப் படம் நெடுக ஃப்ளாஷ்பேக்காகத் தூவி வைத்திருந்தார். பிள்ளையை எதற்கெடுத்தாலும் அதட்டும் அப்பனாக மட்டுமே மார்லின் தெரிந்ததால் பார்த்தவர்களுக்கு அதன்மேல் ஒட்டுதல் வரவில்லை. அதே சம்பவத்தை முதல் காட்சிக்குக் கொண்டுவந்ததும் அதே அதட்டல் அன்பாகிவிட்டது. கொலை நடப்பது திரையில் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ரத்தம் காட்டாமலே பயத்தை முழுசாகக் காட்ட முடியும். அது எழுத்துக்காரனின் வேலை, சென்சார்காரரின் வேலை அல்ல.

அடுத்தது, ஒரு நல்ல பேச்சு கேட்டால் தைரியம் வந்துவிடும் என்ற நம்பிக்கை. தோழியோ தாத்தாவோ டீக்கடைக்காரரோ இரண்டு பக்க வசனம் பேசுவார், பின்னணி இசை ஏறும், நாயகி நிமிர்ந்து நடப்பாள். 2012இல் கௌரி ஷிண்டே எழுதி இயக்கிய 'இங்கிலிஷ் விங்கிலிஷ்' படத்தில் நாயகி சசிக்கு அப்படி ஒரு பேச்சால் தைரியம் வந்துவிடவில்லை. அவள் கோழையும் இல்லை, லட்டு பிடித்து விற்றுச் சொந்தமாகச் சம்பாதிப்பவள். அவள் பயத்துக்கு ஒரே ஒரு விலாசம்தான்: ஆங்கிலம். அதுவும் கணவனும் மகளும் சிரிக்கிற ஆங்கிலம். நியூயார்க் காபிக் கடையில் வரிசை பின்னால் நிற்கிறது, கவுன்ட்டரில் இருக்கும் பெண் கேள்விமேல் கேள்வி கேட்கிறாள், சசிக்கு வார்த்தை வரவில்லை, அழுதுகொண்டே வெளியே ஓடுகிறாள். கேட்டது ஒரு காபி! அந்த அவமானம்தான் அவளை யாருக்கும் தெரியாமல் ஆங்கில வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைக்கிறது. அவள் முதலில் செய்யும் தைரியமான காரியம், யாரிடமும் சொல்லாமல் அங்கே தனியாகப் போனது.

'36 வயதினிலே' படத்திலும் எனக்கு நிற்பது பிற்பாதி உரை அல்ல. ஜனாதிபதியின் முன் நாயகி வசந்தி மயங்கி விழும் அந்தக் கணம்தான். பயம் உடம்பில் தெரிந்த இடம் அது.

மூன்றாவது வாதம்தான் எனக்கு ஆகவே ஆகாது: கனவுக்குக் குறுக்கே நிற்க ஒரு வில்லன் வேண்டும், அதற்குக் குடும்பத்திலேயே ஒரு அப்பாவைப் பிடித்துப் போடு. லீ ஹால் எழுதிய 'பில்லி எலியட்' (2000) பார்த்தவர்கள் இதை எப்படி ஒப்புக்கொள்வார்கள் என்று தெரியவில்லை. 1984-85 பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தம். மனைவியை இழந்த தொழிலாளி, வேலைநிறுத்தத்தில் நிற்கும் மூத்த மகன், பாலே ஆட ஆசைப்படும் இளைய மகன் பில்லி. கிறிஸ்துமஸுக்குக் குளிர்காய விறகில்லாமல் செத்துப்போன மனைவியின் பியானோவை உடைக்கிற அப்பா அவர். பில்லி ஆடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு அவர் எடுக்கும் முடிவு என்ன? பாலே பள்ளித் தேர்வுக்குப் பில்லி லண்டன் போகும் செலவுக்காகக் கருங்காலிகள் போகும் பேருந்தில் ஏறிவிடுகிறார். சங்கத் தோழர்கள் முட்டை வீசுகிறார்கள். மூத்தவன் ஓடிவந்து தடுக்கிறான். அப்பா உடைந்து அழுகிறார்.

இதில் யார் வில்லன்? கனவு பையனுடையது, அதற்கான விலையைக் கொடுப்பது அப்பா. தன் ஊரின் முகத்தில் முழிக்க முடியாமல் போகும் என்ற பயத்தோடுதான் அவர் அந்தப் படியில் கால் வைத்தார். குடும்பப் படத்தின் தைரியம் பெரும்பாலும் கனவு காண்கிறவரிடம் இருப்பதில்லை, பக்கத்தில் இருப்பவரிடம் இருக்கிறது. அப்பாவை வில்லனாக்கினால் கதையின் பாதிச் சொத்து கைவிட்டுப் போயிற்று. 'கனா' (2018) இதைப் புரிந்துகொண்ட படம். மகளின் கிரிக்கெட்டும் அப்பாவின் விவசாயக் கடனும் அதில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே ஓடுகின்றன.

கடைசியாக, கனவு கைகூடியே ஆக வேண்டும் என்பது. 'காக்கா முட்டை' பையன்களுக்குப் பீட்சா கிடைத்தது, வாயில் வைக்கச் சகிக்கவில்லை, ஆயா சுட்ட தோசையே தேவலை என்றார்கள். அதனால் படம் தோற்றுவிடவில்லை. 'அப்' (2009) இன்னும் ஒரு படி மேலே போகிறது. கணவன் மனைவியான கார்லும் எல்லியும் தங்கள் கனவு அருவிக்குப் போகச் சேர்த்த உண்டியலை டயருக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூரைக்குமாக உடைத்துக்கொண்டே இருக்கிறார்கள். நம் வீடுகளில் நடப்பது அப்படியே. எல்லி போன பிறகு கிழவர் வீட்டோடு பறந்து அருவிக்கே வந்துவிடுகிறார். சூத்திரப்படி படம் அங்கேயே முடிய வேண்டும். முடியவில்லை. எல்லியின் சாகசப் புத்தகத்தைக் கார்ல் புரட்டுகிறார். காலியாகத்தான் இருக்கும் என்று நினைத்த பக்கங்களில் எல்லி அவர்களுடைய கல்யாண வாழ்க்கைப் படங்களை ஒட்டி வைத்திருக்கிறாள். அதைப் பார்த்த பிறகுதான் கார்ல் சாமான்களை வெளியே எறிந்து, வீட்டை மறுபடி கிளப்பி, தன்னோடு பயணத்தில் வந்த சிறுவனைக் காப்பாற்றப் போகிறார்.

இப்போது எழுதிக்கொண்டிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கதையில் வரும் அம்மா பாட்டை எந்த வருஷம், என்ன பயத்தில், யாருக்காக நிறுத்தினாள் என்பதற்கு ஒரு காட்சி இருக்கிறதா என்று ஸ்கிரிப்டைப் புரட்டிப் பாருங்கள். வசனத்தில் சொல்லியிருந்தால் கணக்கில்லை. காட்சி இல்லையென்றால் க்ளைமாக்ஸ் மேடையை இப்போதைக்கு எழுதாதீர்கள்.