கடற்கரையும் ஒரு களம்தான்

பிசான அறுவடை முடிஞ்ச கையோட, சென்னையிலிருந்து வந்த மகன் குடும்பத்தோட முட்டம் போயிருந்தேன். நாகர்கோவில் தாண்டி, கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர். 1981-ல் வந்த 'அலைகள் ஓய்வதில்லை' படத்தில் பார்த்த அதே பாறைகள். கடலோர ரிசார்ட்டில் தங்கினோம். ஒரு ராத்திரி வாடகை நாலு மூட்டை நெல் விலை! சரி, போகட்டும்.

காலையில் மணலில் இறங்கினால், பெண்கள் நெத்திலியைப் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்க களத்தில் நெல் காயப் போடுவோமே, அதே மாதிரிதான். ரெண்டு பசங்க செல்பி எடுக்கிற ஜோரில் அதை மிதிச்சிட்டே போனாங்க. ஒரு அம்மா சத்தம் போட்டதும், "பீச் என்ன உங்களுதா?"ன்னு ஒருத்தன் கேட்டான்.

கேட்டவன் என் பேரன்.

அவனைக் கூட்டிட்டுப் போய் மன்னிப்புக் கேட்க வச்சேன். அந்தம்மா, "போட்டும் மக்களே. அந்தப் பாறைப் பக்கம் மட்டும் போயிராத, அலை இழுத்துரும்"னு சொன்னாங்க. நெத்திலி போனதைவிட அவன் உயிர்தான் அவங்களுக்குப் பெருசாப் பட்டிருக்கு.

பேரன் கேட்டதிலும் நியாயம் இருக்கு. மணல் எல்லாருக்கும் பொதுதான். ஆனா அதில் காயுறது ஒரு வீட்டுச் சோறு. நம்ம நெல்லை ஒருத்தன் மிதிச்சா சும்மா இருப்போமா?

கடலுக்குப் போங்க, ஆசை தீர நில்லுங்க. காலை வைக்கிறதுக்கு முன்னாடி கீழே ஒருதடவை பார்த்துக்கோங்க. அவ்வளவுதான் நான் கேட்கிறது.