தெர்மாமீட்டர் எத்தனை கை மாறியது?

நோயாளியின் பண்பாட்டை மதிக்க வேண்டும் என்று நர்சிங் மாணவிகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். நல்லதுதான். ஜைனருக்குப் பூண்டு வெங்காயம் இல்லாத சாப்பாடு, சீக்கியரின் முடியைக் கேட்காமல் மழிக்காதே, முஸ்லிம் பெண்ணுக்கு மறைப்பு வை. சரி. ஒரு நோயாளி, 'அந்தச் சாதிக்காரி தொட்டு எனக்கு ஊசி போட வேணாம்' என்கிறான். அதுவும் அவன் பண்பாடுதானே? மதிக்கலாமா? இதற்கு நோட்ஸில் என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள்?

இந்தப் பாடத்துக்கு அடிப்படை போட்டவர் அமெரிக்கச் செவிலியர் மேடலின் லெய்னிங்கர். மானிடவியலும் படித்தவர். பல நாட்டவர் குடியேறிய தேசத்தில் அதற்கு ஒரு தேவை இருந்தது. அதை இங்கே அப்படியே இறக்கினால், சாதியும் ஒரு 'பண்பாடு' ஆகிக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொள்கிறது. வித்தியாசம் வேறு, மேல் கீழ் வேறு.

இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் வெளியிட்ட பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தைப் பாருங்கள். முதல் பருவத்துச் சமூகவியல் தாளில் ஒரு தலைப்பு: சமூகத்தில் சாதியின் சாதக, பாதக விளைவுகள். சாதகமாம்! சாதி உடல்நலத்தை எப்படிப் பாதிக்கிறது என்றும் அதே பகுதியில் ஒரு வரி இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் பதினெட்டு வயசுத் தலித் பெண் பரீட்சையில் உட்கார்ந்து சாதியின் சாதகங்களை மார்க்குக்காக எழுத வேண்டும். 2022 ஏப்ரலில் செவிலியருக்கான ஒரு சமூகவியல் நூலில் வரதட்சணையின் நன்மைகள் என்று ஒரு பக்கம் வெளியே வந்தது. அழகில்லாத பெண்ணுக்கும் கல்யாணம் ஆகுமாம். நாடே காறித் துப்பியது, எம்.பி. பிரியங்கா சதுர்வேதி கல்வி அமைச்சருக்குக் கடிதம் எழுதினார், கவுன்சிலும் கண்டித்தது. சாதியின் சாதகத்துக்கு எவன் கடிதம் எழுதினான்?

1929 டிசம்பரில் 'யங் இந்தியா'வில் வந்த ஒரு கடிதத்தை அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' குறிப்புகளில் எடுத்து வைத்திருக்கிறார். எழுதியவர் கத்தியவாரில் ஒரு தீண்டப்படாத பள்ளி ஆசிரியர். பிள்ளை பெற்ற இரண்டாம் நாள் மனைவிக்கு உடம்பு முடியாமல் போகிறது. சேரிக்குள் வர மாட்டேன் என்கிறார் டாக்டர். ஊர்ப் பெரிய மனுசனைப் பிடித்து, இரண்டு ரூபாய் பீஸுக்கு ஒத்துக்கொண்டு, அவளைச் சேரிக்கு வெளியே தூக்கிவந்த பிறகுதான் பார்த்தார். அதுவும் எப்படி? தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிம் கையில் கொடுத்தார். அவர் புருசன் கையில் கொடுத்தார். புருசன் பெண்டாட்டிக்கு வைத்தார். அதே வழியில் திரும்பி வந்தது. விளக்கில் பிடித்துப் பார்த்து நிமோனியா என்றார் டாக்டர். அவள் செத்துப்போனாள். அந்த டாக்டருக்குப் பண்பாடு தெரியாது என்று சொல்லிவிட முடியுமா? அவருடைய பண்பாட்டுக்கு ஒரு குறையும் வைக்கவில்லையே!

இப்போது தெர்மாமீட்டர் கை மாறுவதில்லை. வேறு வழி இருக்கிறது. எனக்கு உளுந்தூர்பேட்டைப் பக்கம் களமருதூர். ஒரு ஆஸ்பத்திரியில் அம்மாவைச் சேர்த்தபோது, நர்ஸ் பொண்ணு ஊர்ப் பேரை எழுதிக்கிட்டே கேட்டுச்சு: "களமருதூர்னா ஊரா, காலனியா?" வயசு கேட்டாங்க, சுகர் கேட்டாங்க, சொன்னோம். காலனி எந்த நோய்க்கு அறிகுறி? பதில் சொன்ன நிமிசத்தில் "அம்மா"ங்கிறது "ஏய்"னு ஆயிடுச்சு.

அந்தப் பெண்ணை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் எழுதவில்லை. மலமும் ரத்தமும் தொடுகிற வேலை என்று நர்ஸ் தொழிலையே இழிவாகப் பார்த்த சமூகம் இது. இழிவை வாங்கிக்கொண்டவள் அதை இறக்கி வைக்க இன்னொருத்தியைத் தேடுகிறாள். பெட்பேன் எடுக்கத் துப்புரவுக்காரியைக் கூப்பிடுகிற குரலைக் கேட்டால் தெரியும்.

நியூசிலாந்தில் இரிஹாபேதி ராம்ஸ்டென் என்ற மாவோரிச் செவிலியர் இதைத் தலைகீழாகத் திருப்பினார். நோயாளியின் வழக்கங்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதே. உன் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது, உன் வீடு உனக்கு என்ன வெறுப்பைக் கற்றுத் தந்தது என்று முதலில் பார். பராமரிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்பதை நோயாளி சொல்லட்டும். 1992-இல் அந்நாட்டு நர்சிங் கவுன்சில் இதைப் பாடத்தில் வைத்தது. வெள்ளைக்காரப் பத்திரிகைகள் குதித்தன, 1995-இல் நாடாளுமன்றக் குழு விசாரித்தது. பாடம் போகவில்லை.

கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிற மலையாளிப் பெண்ணிடம் இதைக் கேட்பார்களா? என்ன சாமி கும்பிடுறேன்னு கேட்பார்கள், எழுதிக்கொள்வார்கள். உன்னை மரியாதையா நடத்தினோமான்னு கேட்க மாட்டார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் சாராயத்துக்கு அறுபது பேருக்கு மேல் செத்தபோது, 'குடிகாரனுக்கு எதுக்குப் பத்து லட்சம்' என்று எத்தனை வாய் கேட்டது! படித்த வாய்கள்தான். அந்த வாய்க்குச் சொந்தக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகளும்தான் நாளைக்கு வெள்ளை உடுப்பில் வார்டுக்கு வருவார்கள்.

ஆகவே 'சாதியின் சாதகம்' என்ற வரியை அடித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பயிற்சி வையுங்கள். முதல் வருசத்துப் பிள்ளைகள் ஒவ்வொருத்தரும் எழுதட்டும்: உன் வீட்டில் யாருக்குத் தனி டம்ளர்? யார் வாசலோடு நிற்கிறார்கள்? உன்னையே நிறுத்தினார்கள் என்றால் எந்த வாசலில்? அதை வாங்கித் திருத்தப்போகிற டீச்சரும் எழுதட்டும்.